வாங்கிய காரணத்தை எழுதி வைத்திருக்கிறீர்களா?

பங்கு முதலீடு குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாணவர்கள் எழுதியவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்ததால், சில கடிதங்களைச் சேர்த்தும் சுருக்கியும் இங்கே வெளியிடுகிறோம்.

கேள்வி: ஐயா, நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி அளித்துச் சேர்த்த சிறு தொகை கையில் இருக்கிறது. பங்கு முதலீட்டைக் கற்றுக்கொள்வதற்காக அதைக் கொண்டு முதல் தொகுப்பை அமைக்க நினைக்கிறேன். எனக்கு ஓரளவு தெரிந்த துறை என்பதால் நான்கு மென்பொருள் நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இது போதுமா?

பதில்: தெரிந்த துறையிலிருந்து தொடங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த நான்கு நிறுவனங்களுக்கும் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய ஒரே வகையினர். அவர்கள் செலவைக் குறைக்கும் ஆண்டில் நான்கின் வருமானமும் ஒருசேரக் குறையும். அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த நாஸ்டாக் சந்தையின் குறியீட்டெண் 2000 மார்ச்சில் 5,048 என்ற உச்சத்தைத் தொட்டு, 2002 அக்டோபருக்குள் 1,114க்கு இறங்கியது. ஏறத்தாழ 78 விழுக்காட்டு வீழ்ச்சி அது. பழைய உச்சத்தை அது மீண்டும் எட்டியது 2015இல். அந்த ஆண்டுகளில் தொழில்நுட்பப் பங்குகளை மட்டும் வைத்திருந்தவருக்கு, அவை நான்கு நிறுவனங்களின் பங்குகளாக இருந்தாலும் நாற்பது நிறுவனங்களின் பங்குகளாக இருந்தாலும், பெரிய வேறுபாடு இருந்திருக்காது. உங்கள் நிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. படிப்பு முடிந்து நீங்கள் வேலை தேடப்போவதும் இதே துறையில்தான். துறை தளரும்போது வேலைவாய்ப்பும் சேமிப்பும் ஒரே நேரத்தில் சுருங்கும்படி நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டாம்.

எத்தனை நிறுவனங்கள் என்ற கேள்விக்கு ஆய்வாளர்களே ஒரே விடை தரவில்லை. சேர்ந்தாற்போல் ஏறி இறங்காத பங்குகளைக் கலந்தால் மொத்த ஏற்ற இறக்கம் குறையும் என்பதைக் கணிதமாக நிறுவியவர் ஹாரி மார்கோவிட்ஸ். 1952இல் அந்தக் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 24. 1968இல் எவன்ஸ், ஆர்ச்சர் இருவரும் ஏறத்தாழ பத்துப் பங்குகளிலேயே அந்தப் பயனின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்று காட்டினார்கள். 1987இல் மெயர் ஸ்டாட்மன் முப்பதுக்குக் குறையக் கூடாது என்று வாதிட்டார். (மார்கோவிட்ஸுக்கு 1990இல் நோபல் பரிசே கிடைத்தது, ஆனால் தம் சொந்த ஓய்வுக்காலச் சேமிப்பை அந்தக் கணக்கின்படி பிரிக்காமல், பின்னால் வருத்தப்பட நேரக் கூடாது என்று பங்குகளுக்குப் பாதி, கடன் பத்திரங்களுக்குப் பாதி என வைத்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.)

மாணவருக்கு இந்த எண்களைவிட முக்கியமான வரம்பு ஒன்று இருக்கிறது. தேர்வுகளுக்கும் செய்முறை வகுப்புகளுக்கும் இடையில் எத்தனை நிறுவனங்களின் ஆண்டறிக்கையை உங்களால் உண்மையாகவே படிக்க முடியும்? மூன்று அல்லது நான்கு என்பது என் கணிப்பு. ஆகவே தொகையைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, ஏழு பகுதிகளைப் பரந்த சந்தைக் குறியீட்டெண்ணைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் வைத்துவிட்டு, மீதமுள்ள மூன்று பகுதிகளைக் கொண்டு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று துறைகளில் ஒவ்வொரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று அந்த மூன்றில் இடம்பெறட்டும். பரவலாக்கும் வேலையை ஃபண்ட் பார்த்துக்கொள்ளும். கற்கும் வேலையை இந்த மூன்று நிறுவனங்கள் தரும்.

ஆண்டறிக்கையில் தலைவரின் உரையையும் வண்ணப் படங்களையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இலாப நட்டக் கணக்கையும் பணப்பாய்வு அறிக்கையையும் அருகருகே வைத்து ஐந்தாண்டு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். நிகர இலாபம் ஆண்டுதோறும் வளர்கிறது, ஆனால் தொழில் நடவடிக்கைகளிலிருந்து வரும் பணம் வளரவில்லை என்றால், இலாபம் கைக்கு வராமல் எங்கோ நிற்கிறது என்று பொருள். அடுத்து இருப்புநிலைக் குறிப்பில் வரவேண்டிய பாக்கியைப் பாருங்கள். விற்பனை பத்து விழுக்காடு கூடியிருக்க, பாக்கி நாற்பது விழுக்காடு கூடியிருந்தால், கடனுக்குச் சரக்கைத் தள்ளிவிட்டு அதை விற்பனை என்று காட்டுகிறார்களோ என்ற ஐயம் எழ வேண்டும். பிறகு கடன், அதற்குச் செலுத்தும் வட்டி, தணிக்கையாளரின் குறிப்பு. இவ்வளவையும் ஒரு நிறுவனத்துக்குச் செய்ய முதல் முறை ஒரு வார இறுதி முழுவதும் ஆகும்; மூன்றாவது நிறுவனத்துக்கு வரும்போது ஒரு மாலைப் பொழுது போதும்.

இதன் பிறகு, வாங்குவதற்கு முன், ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு நான்கைந்து வரிகள் எழுதுங்கள். இந்த நிறுவனம் எதனால் சம்பாதிக்கிறது, இன்றைய விலை ஏன் நியாயமானது என்று நினைக்கிறேன், என்ன நடந்தால் என் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதை எழுதத்தான் எல்லாரும் திணறுவார்கள். 'விலை குறைந்தால்' என்று எழுதுவது பயனற்றது. 'தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பணப்பாய்வு இலாபத்தில் பாதிக்கும் கீழே இருந்தால்' என்பதுபோல, நிறுவனத்தின் கணக்கில் சரிபார்க்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். இந்த வரிகள் இல்லாமல் வாங்கிய பங்கில் இலாபமே வந்தாலும், எதனால் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த முறைக்கு அது உதவாது.

கேள்வி: உண்மைப் பணத்தைப் போடாமல், பாவனைப் பணத்தில் வர்த்தகம் செய்யும் செயலிகளில் பழகினால் போதாதா? எங்கள் கல்லூரி மன்றம் ஆறு வாரப் போட்டி ஒன்றையும் நடத்துகிறது.

பதில்: ஆணையிடப் பழகுவதற்குப் பாவனைக் கணக்கு மிகவும் பயன்படும். சந்தை விலைக்கே வாங்கும் ஆணைக்கும், இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைக்கும் ஆணைக்கும் உள்ள வேறுபாட்டை அங்கே தவறு செய்து தெரிந்துகொள்ளலாம். ஒரு மாதம் அதற்குப் போதும். ஆனால் அந்தக் கணக்குகள் பல, திரையில் தெரியும் விலைக்கே உடனே வாங்கியதாகக் காட்டிவிடும். உண்மையில் வாங்க முன்வருவோர் கேட்கும் விலைக்கும் விற்க முன்வருவோர் சொல்லும் விலைக்கும் இடைவெளி உண்டு; அதிகம் கைமாறாத பங்குகளில் அது பெரிதாகவே இருக்கும். தரகுக் கட்டணமும் வரியும் வேறு. மேலும், பாவனைப் பணம் பாதியாகக் குறைந்தாலும் இரவில் தூக்கம் கெடாது. உங்கள் தூக்கம் எத்தனை விழுக்காட்டுச் சரிவில் கெடுகிறது என்பது, நீங்கள் பங்குகளுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பதைத் தீர்மானிக்க மிகவும் தேவையான செய்தி. தொகை சிறிதாக இருக்கும்போதே அதைத் தெரிந்துகொள்வது மலிவு.

போட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆறு வாரத்தில் முதலிடம் பெறுபவர் பெரும்பாலும் மொத்தப் பணத்தையும் ஒரே பங்கில் வைத்து அதிர்ஷ்டம் வாய்த்தவர். அதே உத்தியில் கடைசி இடம் பெற்றவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. நண்பர்களோடு கலந்துகொள்ளுங்கள், ஆனால் அங்கே வென்ற உத்தியை உங்கள் சேமிப்பில் செய்து பார்க்காதீர்கள்.

கேள்வி: விடுதி நண்பன் சொன்னதைக் கேட்டு ஒரு பங்கை வாங்கினேன். எட்டு மாதத்தில் 30 விழுக்காடு இறங்கிவிட்டது. விற்பதா, வைத்திருப்பதா? இன்னும் கொஞ்சம் வாங்கினால் சராசரி விலை குறையும் என்கிறான் நண்பன்.

பதில்: நானும் மாணவனாக இருந்தபோது அறைத்தோழன் ஒருவன் சொல்லி ஒரு பங்கை வாங்கினேன். விலை இறங்க இறங்க, வாங்கிய விலைக்கு வந்தால் விற்றுவிடலாம் என்று ஏழு ஆண்டுகள் வைத்திருந்தேன். அந்தப் பங்கின் வர்த்தகமே நின்றுபோனது. அந்த நிறுவனம் என்ன தொழில் செய்தது என்று இன்று யாராவது கேட்டால்கூட என்னால் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆகவே உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை.

இந்தப் பிடிவாதத்துக்கு ஆய்வாளர்கள் 'டிஸ்பொசிஷன் எஃபெக்ட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இலாபத்தில் இருக்கும் பங்கை அவசரமாக விற்று, நட்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்ளும் மனப்போக்கை 1985இல் ஷெஃப்ரின், ஸ்டாட்மன் இருவரும் விளக்கினார்கள். டெரன்ஸ் ஓடியன் 1998இல், ஆயிரக்கணக்கான முதலீட்டாளர்களின் கணக்குகளை ஆராய்ந்து அதை உறுதி செய்தார். அவர்கள் விற்ற இலாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நட்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக ஈட்டின. நட்டத்தின் வலி, அதே அளவு இலாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி இருவரும் 1979இல் காட்டியது இங்கே பொருந்தும்: விற்காதவரை நட்டம் நட்டமில்லை என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது.

நீங்கள் வாங்கிய விலை சந்தைக்குத் தெரியாது. 100க்கு வாங்கியது 70 ஆகிவிட்டால், மீண்டும் 100 ஆவதற்கு அது 43 விழுக்காடு ஏற வேண்டும். பாதியாகக் குறைந்தது நூறு விழுக்காடு ஏற வேண்டும். 80 விழுக்காடு குறைந்ததோ ஐந்து மடங்காக வேண்டும். எனவே வாங்கிய விலையை ஒரு தாளால் மறைத்துவிட்டு, இந்த 70 இப்போது பணமாகக் கையில் இருந்தால் இதே பங்கை வாங்குவேனா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால், நீங்கள் காரணம் எழுதாமல் வாங்கியிருக்கிறீர்கள். இந்த வாரம் ஆண்டறிக்கையைப் படித்து, காரணத்தை இப்போதாவது எழுத முயலுங்கள். எழுத முடிந்தால் வைத்திருங்கள். நேர்மையாக முயன்றும் எழுத வரவில்லை என்றால் விற்றுவிடுங்கள், விலை என்னவாக இருந்தாலும்.

சராசரியைக் குறைப்பது பற்றி: 100க்கு வாங்கியதோடு 70க்கு அதே எண்ணிக்கையில் வாங்கினால் சராசரி 85 ஆகும் என்பது உண்மை. ஆனால் உங்களுக்குப் புரியாத ஒரு நிறுவனத்தில் இருக்கும் பணமும் அதனால் கூடிவிடும். புதிதாக வாங்குவதற்கு உரிய அத்தனை நிபந்தனைகளும் இதற்கும் பொருந்தும். இறங்கியது என்பது மட்டும் காரணம் ஆகாது. திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரானின் பங்கு 2000 ஆகஸ்டில் 90 டாலர் அளவில் இருந்து, 2001 நவம்பர் இறுதிக்குள் ஒரு டாலருக்கும் கீழே போனது. அந்தப் பாதை நெடுகிலும் ஒவ்வொரு விலையும் முந்தைய விலையைவிட மலிவாகத்தான் தெரிந்தது. அதன் ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கும் மேல் அந்த ஒரே பங்கில் இருந்தது.

கேள்வி: ஓராண்டாகச் சிறு தொகுப்பை நடத்துகிறேன். அவ்வப்போது பணம் சேர்க்கிறேன். என் தேர்வுகள் நன்றாக இருந்தனவா என்று எப்படி அளப்பது? செயலி காட்டும் விழுக்காடு குழப்பமாக இருக்கிறது.

பதில்: நல்ல கேள்வி, தொகுப்பு வைத்திருக்கும் பெரியவர்களில் பலரும் இதைக் கேட்டுக்கொள்வதில்லை. இரண்டு வெவ்வேறு எண்கள் இருப்பதால்தான் குழப்பம்.

ஆண்டின் தொடக்கத்தில் 100 போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பத்து அலகுகளாகக் கருதுங்கள். ஓர் அலகின் மதிப்பு 10. ஆறு மாதத்தில் தொகுப்பு 120 ஆனால் அலகு மதிப்பு 12. அப்போது உற்சாகமடைந்து மேலும் 120 சேர்க்கிறீர்கள். அலகு 12 வீதம் உங்களுக்குப் புதிதாகப் பத்து அலகுகள் கிடைக்கும். இப்போது இருபது அலகுகள், மொத்தம் 240. ஆண்டு முடிவில் சந்தை சற்று இறங்கி மொத்தம் 220 ஆகிறது. அலகு மதிப்பு 11. நீங்கள் போட்ட பணம் 220, இருப்பதும் 220. கையில் இலாபம் எதுவும் இல்லை. ஆனால் அலகு மதிப்பு 10இலிருந்து 11க்கு, அதாவது 10 விழுக்காடு வளர்ந்திருக்கிறது.

இரண்டுமே உண்மைதான். அலகு மதிப்பு நீங்கள் தேர்ந்தெடுத்த பங்குகளைப் பற்றிச் சொல்கிறது. கைக்கணக்கு நீங்கள் பணம் போட்ட நேரத்தைப் பற்றிச் சொல்கிறது. மியூச்சுவல் ஃபண்டுகள் நாள்தோறும் வெளியிடும் நிகரச் சொத்து மதிப்பு இந்த அலகுக் கணக்குதான். நீங்களும் ஒரு விரிதாளில் பணம் சேர்க்கும் நாள்தோறும் இதைப் பதிவு செய்து வாருங்கள். பிறகு அலகின் வளர்ச்சியை, அதே காலத்தில் ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிட்ட குறியீட்டெண்ணின் வளர்ச்சியோடு ஒப்பிடுங்கள். சந்தை 15 விழுக்காடு வளர்ந்த ஆண்டில் உங்கள் 10 விழுக்காடு பெருமைக்கு உரியதல்ல. சந்தை 20 விழுக்காடு விழுந்த ஆண்டில் 10 விழுக்காடு நட்டம் வெட்கத்துக்கு உரியதும் அல்ல. ஓராண்டு எண்ணில் தற்செயலின் பங்கு அதிகம் என்பதால், அதோடு குறிப்பேட்டையும் எடுத்து, எழுதிய காரணங்களில் எத்தனை பலித்தன என்று பாருங்கள். காரணம் பொய்த்தும் விலை ஏறிய பங்கு ஒன்றாவது அதில் இருக்கும். அதைத் தனியாக வட்டமிட்டு வையுங்கள்.

கேள்வி: பெரும்பாலோர் சந்தையை வெல்ல முடியாது என்றால், இண்டெக்ஸ் ஃபண்டிலேயே எல்லாவற்றையும் போட்டுவிடலாமே? நிறுவனங்களைப் பற்றி எதற்காகக் கற்க வேண்டும்?

பதில்: போட்டுவிடலாம். பணம் வளர வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் நானும் அதைத்தான் சொல்வேன். ஜான் போகல் 1976இல் சாதாரண மக்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரட்ட நினைத்து, 1.13 கோடிதான் கிடைத்தது. அதைப் போகலின் முட்டாள்தனம் என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் கட்டணத்தின் வலிமையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு 7 விழுக்காடு வளரும் தொகை 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 15 மடங்காகும். அதில் ஒரே ஒரு விழுக்காடு ஆண்டுக் கட்டணமாகப் போனால் பத்து மடங்குக்குச் சற்று மேலேதான் நிற்கும். ஒரு விழுக்காடு என்று சொன்னது கடைசியில் மூன்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. தனிப் பங்குகளின் நிலையும் அப்படித்தான்: 1926 முதல் அமெரிக்கச் சந்தை ஈட்டிய மொத்த நிகரச் செல்வமும் வெறும் 4 விழுக்காட்டு நிறுவனங்களிடமிருந்து வந்தது என்று ஹெண்ட்ரிக் பெசம்பைண்டர் 2018இல் காட்டினார். வைக்கோல்போரில் ஊசியைத் தேடுவதைவிட வைக்கோல்போரையே வாங்கிவிடுவது எளிது.

ஆனால் குறியீட்டெண்ணும் விழும். ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பர் இறுதியில் தொட்ட உச்சத்தை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில். 2007 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 57 விழுக்காடு சரிந்தது. அப்படிப்பட்ட மாதங்களில், தான் வைத்திருப்பது திரையில் நகரும் ஒரு கோடு என்று எண்ணுபவர் பயந்து விற்றுவிடுவார். சரக்கு விற்று, சம்பளம் கொடுத்து, கடன் கட்டும் நூற்றுக்கணக்கான தொழில்களின் சிறு துண்டுகள் தன்னிடம் இருக்கின்றன என்று அறிந்தவருக்குப் பொறுத்திருப்பது சற்று எளிது. அந்த அறிவு மூன்று ஆண்டறிக்கைகளைப் படிப்பதில் வருகிறது. ஒரே நாட்டின் குறியீட்டெண்ணோடு நின்றுவிட வேண்டாம் என்பதையும் நிக்கேய் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்விக் கடனில் மிச்சமான தொகையைப் பங்குகளில் போடலாமா? ஆப்ஷன் வர்த்தகத்தில் சிறு தொகையிலேயே பெரிய இலாபம் பார்க்கலாம் என்கிறார்களே?

பதில்: இரண்டும் வேண்டாம். கடனுக்கு வட்டி உறுதி, பங்கில் வருமானம் உறுதியில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் கட்டணத்துக்கோ வாடகைக்கோ தேவைப்படும் பணம் எதுவாக இருந்தாலும் பங்குகளுக்குப் போகக் கூடாது. ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ பணம் கொடுத்துப் பெறும் உரிமை; அதற்குக் காலக்கெடு உண்டு. உங்கள் கணிப்பு சரியாகவே இருந்தும் ஒரு வாரம் தாமதமாகப் பலித்தால் போட்ட பணம் முழுதும் போய்விடும். சிறு தொகை என்பதுதான் அதன் கவர்ச்சி; அந்தச் சிறு தொகையை மீண்டும் மீண்டும் இழப்பதுதான் வழக்கம்.

கேள்வி: என் மகன் முதுகலை முதலாண்டு படிக்கிறான். பங்குகள் வாங்கத் தொடங்கியதிலிருந்து வகுப்பிலும் சாப்பாட்டு நேரத்திலும் கைபேசியில் விலையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தடுக்கலாமா, அம்மா என்ற முறையில் எனக்குத் தெரியவில்லை.

பதில்: அம்மா, முதலீட்டைத் தடுக்க வேண்டாம், பார்ப்பதைக் குறைக்கச் சொல்லுங்கள். அதற்கு அறிவுரையைவிட ஓர் ஆய்வு உதவக்கூடும். பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடியனும் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு ஈட்டியது. மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 விழுக்காடு. அவர்கள் முட்டாள்தனமான பங்குகளை வாங்கியதால் அல்ல, ஒவ்வொரு கைமாற்றிலும் செலவு செய்ததால் வந்த இடைவெளி அது. அடிக்கடி பார்ப்பவருக்கு அடிக்கடி ஏதாவது செய்யத் தோன்றும். நிறுவனங்கள் கணக்கு வெளியிடுவது காலாண்டுக்கோ அரையாண்டுக்கோ ஒரு முறை. அதற்கு இடைப்பட்ட நாள்களில் விலை மாறினாலும் படிப்பதற்குப் புதிதாகப் பெரும்பாலும் எதுவும் இருக்காது.

மகனிடம் எவ்வளவு இலாபம் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவரை மறுபடி கைபேசியைப் பார்க்க வைக்கும். எந்த நிறுவனத்தை ஏன் வாங்கினாய், எனக்குப் புரியும்படி சொல் என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் உட்கார்ந்து கேளுங்கள், நடுவில் விலையைப் பற்றிப் பேச வேண்டாம். சொல்ல வரவில்லை என்றால் அவருக்கே அது உறைக்கும். தேர்வுக் காலத்தில் செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கி வைக்கச் சொல்லலாம். பங்குகள் எங்கும் போய்விடாது, அவர் பெயரிலுள்ள கணக்கிலேயே இருக்கும்.